லாரிக் குத்தும் விரல் கணக்கும்

உங்களுக்கெல்லாம் விளையாட்டுதான் முதலில் கிடைக்கிறது. பெட்டி கடைசியில் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. எங்களுக்குப் பெட்டி முதலில் வந்தது. நான்கு வண்ணத்தில், மேலே மினுமினுப்புப் பூச்சோடு, நெருப்புக்கு நடுவே முஷ்டி மடக்கி நிற்கும் சண்டைக்காரனோடு, மூலையில் எங்கள் அச்சகத்தின் மயில் முத்திரையோடு, கட்டுக் கட்டாக வந்து மாடி அறையின் சுவரோரம் நின்றது. உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

சிவகாசியில் இது வினோதமும் இல்லை. அங்கே எதற்கும் லேபிள் முதலில் தயாராகும். சரக்கு, லேபிளைத் தேடிக்கொண்டு பின்னால் வரும்.

வீடியோ கேம் செய்யும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இந்தத் தொழிலை விட்டு நான் விலகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஐம்பதுகூடத் தொடாதவன் தன்னை ஓய்வுபெற்றவன் என்று சொல்லிக்கொள்ள நாக்குக் கூசுகிறது. விரல்கள் இன்னும் சாப்பாட்டு மேசையில் இல்லாத பொத்தான்களைத் தட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எப்படிச் செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை; அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். பேருந்து நிலையங்களுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடைகளில் ஒரு சண்டை விளையாட்டு ஊரையே கட்டிப்போட்டிருந்தது. பீரோ உயரப் பெட்டி, ஒரு குச்சி, ஆறு பொத்தான். அதை வீட்டு டிவியில் மாட்டும் கேசட்டாகக் கொண்டுவர உரிமை வாங்கிய சென்னைக் கம்பெனி ஒன்று, அட்டைப்பெட்டி அச்சடிக்க எங்கள் முதலாளியிடம் ஆர்டர் கொடுத்தது. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் மும்தாஜும் அவருடைய அச்சகத்தின் ஆர்டர்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்காக மாடியில் உட்கார்ந்திருந்தோம். மும்தாஜ் விருதுநகர்க்காரி, காகித வியாபாரக் குடும்பம். என்னைவிட வேகமாக யோசிப்பாள். அதைவிட வேகமாகப் பேசுவாள்.

ஒரு நாள் அண்ணாச்சி மாடியேறி வந்தார்.

"ஏன் தம்பி, பெட்டி நாம அடிக்கோம். உள்ள இருக்கிற சரக்க யாரு அடிக்கா?"

"இன்னும் யாரும் சிக்கலையாம் அண்ணாச்சி. ஆள் தேடிக்கிட்டு இருக்காகளாம்."

"எதுக்குத் தேடணும்? நீங்க ரெண்டு பேரும் இங்கன சும்மாதான இருக்கீக?"

நாங்கள் சும்மா இல்லை. ஆனால் மெஷின் சத்தம் வராத இடத்தில் வேலை நடக்கிறது என்பதை அவர் எப்போதும் நம்பியதில்லை. மறுவாரமே நாங்கள் கேம் செக்‌ஷன் ஆனோம். கதவில் பலகைகூட மாட்டப்பட்டது. பலகைக்குக் கீழே அண்ணாச்சி நிபந்தனையையும் சொன்னார்: சொன்ன தேதிக்குச் சரக்கு போனால் செக்‌ஷன் இருக்கும், தேதி தப்பினால் இந்த மாடி காகிதக் குடோன். சொன்னதோடு நிற்கவில்லை. காலண்டர் சீசனுக்கு வந்த காகிதக் கட்டுகள் அன்றைக்கே மாடிப்படியின் முதல் படியில் ஏறி உட்கார்ந்தன. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு படி. அவ்வளவு நாசூக்கான நெருக்கடியை அதற்கு அப்புறம் எந்தப் பெருநகரத்து அலுவலகத்திலும் நான் பார்க்கவில்லை.

வேலை என்னவென்றால், பீரோவில் இருந்ததை டிபன் கேரியரில் அடைப்பது. வீட்டு மெஷினுக்கு நிறம் குறைவு, இடம் குறைவு. அந்தச் சண்டைக்காரன் அசைவதெல்லாம் தனித்தனி ஓவியங்கள். கையை ஓங்குவது ஒரு படம், வீசுவது ஒரு படம், மடக்குவது ஒரு படம். வேகமாகப் புரட்டினால் உயிர். நிறத்தைக் குறைத்து, உருவைச் சிறுத்து அந்தப் படங்களை யார் செய்து தருவது? எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். கீழ்த்தளத்து ஆர்ட்டிஸ்ட். என் வயதுக்காரர். வெறும் நான்கு மையை வைத்துக்கொண்டு முருகனையும் வள்ளியையும் தோகை விரித்த மயிலையும் ஒரே சதுரத்தில் பளபளக்க வைப்பவர். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் புரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பார், விரலை எண்ணுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் திருத்திக் கொடுத்த ஒரு காலண்டரில், ஆசி வழங்கும் லட்சுமியின் கையில் ஆறு விரல் விழுந்துவிட்டது. லோடு முழுவதும் திரும்பி வந்தது. லட்சுமிக்கு விரல் கூடினால் வரும்படி கூடும் என்று ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து அச்சகத்தில் ஒரு சட்டம். எந்தப் படமானாலும் ஆர்ட் பேப்பரில் புரூஃப் எடுக்க வேண்டும். மூன்று கையெழுத்து: ஆர்ட்டிஸ்ட், செக்‌ஷன் பொறுப்பாளர், அண்ணாச்சி. அதோடு ஒரு ரப்பர் ஸ்டாம்பு: 'விரல் சரி'.

அந்தச் சட்டம் எங்கள் சண்டைக்காரனுக்கும் பொருந்தியது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஒரு வீடியோ கேமின் ஒவ்வொரு அசைவையும் தாளில் அச்சடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையெழுத்து வாங்கியிருப்பார்களா தெரியவில்லை. நாங்கள் வாங்கினோம். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் ஆர்ட்டிஸ்ட் ஒரு தாளோடு மேலே வந்தார். முகத்தில் பழைய லோடு திரும்பி வந்த களை.

"என்ன சார் இது? கொடுமையால்ல இருக்கு."

சண்டைக்காரன் குத்து விடும் படம். ஓங்கியதற்கும் விழுந்ததற்கும் நடுவில் வருவது. அதில் கை, காலைவிட நீளமாக இருந்தது. முஷ்டி தலையளவு. விரல்கள் என்று சொல்ல எதுவும் இல்லை. மை சிந்தித் துடைத்தது போல ஓர் இழுப்பு.

"இவனுக்குக் கையா, உலக்கையா? எந்த ஊரு ஆர்ட்டிஸ்டோ, தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கான். இதே மாதிரி இருபத்தாறு இருக்கு சார்."

"திருத்திரலாமா?"

"திருத்தாம? இத நான் சரின்னு சொல்லி ஸ்டாம்பு அடிக்கவா?"

மும்தாஜ் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ஓடவிட்டுப் பாத்துட்டுத் திருத்துங்க." நியாயமான பேச்சு. ஆனால் படங்கள் கையெழுத்தாகி வரும்வரை நாங்கள் வெறும் கட்டங்களை வைத்துத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஓடவிட அப்போது திரையில் சண்டைக்காரனே இல்லை. காகிதக் கட்டுகள் ஏழாம் படிக்கு வந்திருந்தன. நான் தாளைப் பார்த்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. அசிங்கமாக இருப்பதெல்லாம் தப்பு என்று நினைக்கும் வயது எனக்குத் தாண்டியிருந்தது. நினைக்காமல் இருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. திருத்திய இருபத்தாறு படங்களிலும் கையெழுத்துப் போட்டேன். அழகான கைகள். அளவான கைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். இரண்டு கையிலும் சேர்த்துப் பத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாம் ஒன்றுசேர்ந்தது. கேசட்டை மாட்டி டிவியைப் போட்டோம். முதலில் அண்ணாச்சி ஆசைப்பட்டுச் சேர்க்கச் சொன்ன அச்சகத்து மயில் தோகை விரித்தது. பிறகு சண்டை. எங்கும் திக்கவில்லை, எங்கும் நிற்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.

"காலண்டர் கெணக்கா இருக்கு" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அவர் போனதும் மும்தாஜ் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "சார், அடி விழுது. வலிக்க மாட்டேங்குது."

எனக்கும் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. இரண்டு நாள் தேடினோம். வேகத்தைக் கூட்டினோம், குறைத்தோம், சத்தத்தை மாற்றினோம். ஒன்றும் நகரவில்லை. மூன்றாம் நாள் நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடைக்குப் போய் அந்தப் பழைய பீரோ முன்னால் சும்மா நின்றேன். ஆறு பொத்தான்களில் ஒன்று மட்டும் வெள்ளியாக மின்னியது. மற்ற ஐந்தும் அழுக்கு. பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் கையில் ஒட்டும் அலுமினியப் பொடி. எத்தனை முறை கழுவினாலும் ரேகைக்குள்ளே கொஞ்சம் தங்கிவிடும். வாரம் முழுக்க வெடிமருந்தோடு புழங்கிய கைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த ஒரு பொத்தானைத்தான் தேடியிருக்கின்றன.

"அது லாரிக் குத்து" என்றார் பக்கத்தில் நின்றவர். பெயர் பேச்சிமுத்து. முப்பது வயது, கனத்த மீசை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நாரணாபுரத்தில் ஒரு யூனிட்டில் சரவெடி பின்னுகிறவர். "தூரத்துல லாரி வர்ற மாதிரி இருக்கும். பாத்துக்கிட்டே இருப்பீக. மேல ஏறிரும்."

அந்தக் கடையில் அவரை ஜெயித்தவர் யாரும் இல்லை என்று கடைக்காரர் சொன்னார். அப்போதே அவரை அச்சகத்துக்குக் கூட்டி வந்தேன். மும்தாஜும் ஆர்ட்டிஸ்டும் மேலே இருந்தார்கள். பேச்சிமுத்து கன்ட்ரோலரை வாங்கினார். மூன்று நிமிஷத்தில் தோற்றார். இன்னொரு முறை தோற்றார். பிறகு அதை எங்கள் மேசையில் மெதுவாக, துக்க வீட்டில் தம்ளரை வைப்பதுபோல வைத்தார்.

"ஆளு நல்லா இருக்கான் சார். மாப்பிள்ளை மாதிரி இருக்கான். ஆனா இவன் குத்தல. எட்டிப் பாக்கான்."

"எட்டிப் பாக்கானா?"

"பக்கத்து வீட்டுல என்ன கொழம்புன்னு பாக்க மாதிரி கைய நீட்டுதான். லாரி எங்க? இது சைக்கிளு."

மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கை எங்கே முடிகிறதோ அங்கேதான் அடியும் முடியும் என்று நிரலில் எழுதியிருந்தவள் அவள். கையைக் குறுக்கினால் அடியும் குறுகும். உலக்கைக் கை போனதோடு, அந்தக் குத்தின் தூரமும் போயிருந்தது. அவள் பழைய படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஆர்ட்டிஸ்ட் எழுந்தார். "அதுக்காக? கை இந்த மாதிரியா இருக்கும்? விரலே இல்ல. நீங்களே சொல்லுங்க, மனுசன் கையா இது?"

பேச்சிமுத்து பழைய படத்தைப் பார்த்தார். பக்கத்தில் திருத்திய படத்தின் மேல் இருந்த 'விரல் சரி' ஸ்டாம்பையும் பார்த்தார். பிறகு தன் வலது கையை ஆர்ட்டிஸ்டின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

"எத்தன விரலு?"

"அஞ்சு."

கையைப் பின்னால் இழுத்து, ஒரு வீசு. ஆர்ட்டிஸ்டின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் காற்று போயிற்று. கண்ணாடி நகர்ந்தது.

"இப்ப எண்ணுனீகளா?"

ஆர்ட்டிஸ்ட் நகர்ந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க திரி வைக்கும்போது பொறியவா எண்ணுதோம்? எண்ணுத நேரம் இருந்தா அது வெடி இல்ல, ஊதுவத்தி."

பேச்சிமுத்து போன பிறகு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே மெஷின்கள் காலண்டர் தெய்வங்களை நிமிஷத்துக்கு இத்தனை என்று துப்பிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. கைவசம் ஏழு நாள். இருபத்தாறு படங்களைப் பழையபடி மாற்ற வேண்டும். நீண்ட கை நீண்ட இடத்தைக் கேட்கும். கேசட்டில் இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட தாள் அதுவரை ஒரு முறைகூட ரத்தானதில்லை.

நான் சொன்னேன்: "சென்னையில யாரும் இதக் கண்டுபிடிக்க மாட்டாக. எங்கயாவது நிக்குதா, எழுத்துப்பிழை இருக்கானுதான் பாப்பாக. தேதிக்குக் கொடுத்துருவோம். செக்‌ஷன் நிக்கும். அடுத்த ஆர்டர்ல ஒழுங்காச் செய்வோம்."

உங்களில் பலர் இந்த வாக்கியத்தை ஒரு நாள் சொல்வீர்கள். சொல்லும்போது அது அனுபவத்தின் குரல் மாதிரியே இருக்கும். பயத்துக்கு இருக்கும் பெரிய வசதி, அது முதிர்ச்சியின் சட்டையைப் போட்டுக்கொள்ளும். அளவும் சரியாக இருக்கும்.

மும்தாஜ் என்னைப் பார்த்தாள். "யாரும் கண்டுபிடிக்க மாட்டாகளா? பேச்சி அண்ணன் மூணு நிமிசத்துல கண்டுபிடிச்சாரு. கேசட்டு வாங்கப் போறது அவரு. சென்னைக்காரரு இல்ல."

அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் நான் என் முடிவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அச்சகத்துக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி அறையில் ஆர்ட்டிஸ்ட் நின்றிருந்தார். மேசையில் இருபத்தாறு தாள்கள். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தைத் தானே சிவப்பு மையால் அடித்திருந்தார். நேராக, ஸ்கேல் வைத்து. இந்தச் சட்டமே அந்த மனுஷன் போட்ட ஆறாவது விரலால் வந்தது. பத்து வருடமாக அந்த விரலை எண்ணி எண்ணிக் கழித்தவர், இப்போது விரலே இல்லாத கைக்காகத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"வாரும்" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து. மரியாதை கூடினால் கோபம் என்று அர்த்தம். "ஒம்ம கையெழுத்தும் இருக்கே. இவரு அடிச்சிட்டாரு. நீரு என்ன சொல்லுதீரு?"

இரவெல்லாம் தயார் செய்த நியாயங்கள் என்னிடம் இருந்தன. ஆர்ட்டிஸ்ட் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன். பார்க்கும் கண்ணுக்குப் பொய் சொல்வது சுலபம். மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். என் கோடுகள் அவருடையதைப் போல நேராக வரவில்லை.

"ரெண்டு பேரும் அடிச்சிட்டீக. நான் அடிக்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் போட்டது அப்படியே இருக்கட்டும். லேபிள்ல தப்பு வந்தா என்ன செய்யுதோம்? மேல ஸ்டிக்கர் ஒட்டுதோம். அப்படிப் பழைய கைய மேல ஒட்டுங்க. எம்புட்டு இடம் வேணும்?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாசலில் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாத மும்தாஜ் சொன்னாள்:

"மயில் அம்புட்டு, அண்ணாச்சி."

"எது?"

"முதல்ல வருதுல்ல, நம்ம மயிலு. அது போனாத்தான் இருபத்தாறு கையும் உள்ள வரும்."

அந்த மயில் அவருடைய அப்பா காலத்து முத்திரை. டிவியில் அது தோகை விரித்ததைப் பார்த்து அன்றைக்குக் கண் கலங்கியிருந்தார். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்திருந்தார். இப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"மயிலு எங்க போகும்?"

"பெட்டி மேல ஏற்கெனவே இருக்கே அண்ணாச்சி. நாமதான முதல்ல அடிச்சோம்."

நான் பார்த்த பேச்சுவார்த்தைகளில் இத்தனை சுருக்கமாக முடிந்தது வேறில்லை. ஆனால் அண்ணாச்சி ஒரு நிபந்தனை வைத்தார். தப்பு என்று சொன்னவன் சரி என்றும் சொல்ல வேண்டும். புது இருபத்தாறு தாளிலும் நாலாவதாகப் பேச்சிமுத்துவின் கையெழுத்து.

ஐந்து நாளில் முடித்தோம். ஆறாம் நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்த வண்டியிலிருந்து பேச்சிமுத்து நேரே மாடிக்கு வந்தார். கை கழுவக்கூட நிற்கவில்லை. வழியில் பதினோராம் படியில் நின்ற காகிதக் கட்டைத் தாண்டி வந்தார். விளையாடினார். லாரிக் குத்துப் பொத்தான் எங்கே என்று கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. லாரி வந்தது. மேல ஏறியது. அண்ணாச்சி நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார், தன் மேல் விழுந்ததுபோல.

"அன்னைக்கே நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார். "ஒமக்கு என்ன நட்டம்?"

"எங்க வேலையில சும்மா நல்லாருக்குன்னு சொல்லிப் பழகக் கூடாது அண்ணாச்சி" என்றார் பேச்சிமுத்து. வெடிமருந்து வேலையில் ஒரு தப்பான 'நல்லாருக்கு' என்ன செய்யும் என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரக்கு தேதிக்குப் போனது. சென்னையிலிருந்து ஒரே ஒரு குறை எழுதி வந்தது: ஆட்டத்தை இடையில் நிறுத்தினால் சண்டைக்காரனின் கை விகாரமாகத் தெரிகிறது, விரல்கள் இல்லை, திருத்தவும். அண்ணாச்சியே போன் போட்டார். "நிறுத்தாம பாருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்களும் நிறுத்தாமல் பார்த்திருக்க வேண்டும்; கேசட் வெளிவந்தது. காகிதக் கட்டுகள் ஒவ்வொரு படியாக இறங்கின. அடுத்த ஆர்டராகக் கேரம்போர்டு விளையாட்டு வந்தது. அதில் கையே கிடையாது. மிகவும் நிம்மதியடைந்தவர் ஆர்ட்டிஸ்ட்தான். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் அந்த ஆறு விரல் லட்சுமியைத்தான் சொல்கிறார்கள். சிவப்புக் கோடுகளைப் பற்றி யாருக்கும் தெரியாது. பெயரை எழுதினால் உங்களுக்கும் அந்த விரல்தான் முதலில் வந்து சேரும்; அதனால்தான் எழுதவில்லை.

நாளை உங்கள் முன்னாலும் ஓர் அசிங்கமான படம் வந்து நிற்கும். திருத்துவதற்கு முன் ஓடவிட்டுப் பாருங்கள். எனக்கு மும்தாஜ் சொன்னது, நான் கேட்காதது.

அந்தப் புது இருபத்தாறில் ஒரு தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையோடு சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் கண்ணில் படும்படி எங்காவது மாட்டச் சொல்லுங்கள். உலக்கைக் கை, தலையளவு முஷ்டி, மை சிந்திய இழுப்பு. கீழே நான்கு கையெழுத்து. நாலாவதைப் போடும்போது தாள் நகராமல் இருக்க, பேச்சிமுத்து இடது கையை அதன்மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டார். அந்த வெள்ளித் தடம் இன்னும் அழியவில்லை. அந்தத் தாளில் ஐந்து விரலும் சரியாக இருப்பது அந்த ஓர் இடத்தில்தான்.